நேர்ந்துவிட்ட சேவல் முட்டையிட்டது

தை மாதக் கடைசியில் ஒரு சந்தை நாள். புதுப்பட்டினத்தில் குஞ்சுக் கூடைகளை வண்டியிலிருந்து இறக்கி வைத்தோம். மேலே போர்த்திய துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு அம்மா நேராக எங்களை நோக்கி வந்தார். அவர் இடது கையில் கால் கட்டிய கருப்புக் கோழி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. வலது கையில் ஒரு முட்டை இருந்தது. அந்த முட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அண்ணாத்த, உன் சேவலு இன்னா போட்டுகீது பாரு."

பக்கத்தில் வெற்றிலை விற்பவர் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு கருவாட்டுக் கடைகள் வரிசையாகச் சிரித்தன. நான் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்த அம்மாவை நன்றாக நினைவிருந்தது. அவர் கேட்டதும் நான் செய்ததும்கூட நினைவிருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவன். படாளத்தை ஒட்டிய எங்கள் ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கோழிகள் வளர்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது நான் சொல்லும் "உள்ளேன் ஐயா" ஆசிரியருக்குக் கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவன் ஆகியிருக்கிறேன். சந்தையில் கூப்பிட்டு விற்பது, பேரம் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் என் மனைவி. நான் கூடையைப் பிடிப்பேன், குஞ்சை எடுத்துக் கொடுப்பேன், யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன். ஒரு தலையாட்டலால்தான் இவ்வளவும் வந்தது.

அந்த அம்மா குஞ்சு வாங்க வந்தது அதற்கு முந்தைய ஆடியில். மனைவி டீ வாங்கப் போயிருந்த நேரம். அவர் புதுப்பட்டினம் குப்பத்துக்காரர். மகனுக்குப் புதிதாக ஒரு பைபர் படகு வாங்கியிருந்தார்கள். படகு தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கரையோரக் கன்னியம்மன் கோயிலுக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோயிலில் வெட்டுவது கிடையாது. உயிரோடு விட்டுவிட்டு வருவார்கள். ஆனால் சேவல் குஞ்சிலிருந்து தன் கையால் வளர்த்ததாக இருக்க வேண்டும், ஒரு இறகுகூட வேறு நிறம் இல்லாத கருஞ்சேவலாக இருக்க வேண்டும் என்று சொல்லி வேண்டிவிட்டார். எங்கள் கூடையில் கருகருவென்று மூன்று குஞ்சுகள் இருந்தன. மற்ற கருப்புக் குஞ்சுகளுக்கெல்லாம் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த மூன்றுக்கும் அது இல்லை.

"மூணும் சேவல்தான?" என்று கேட்டார்.

ஒரு நாள் குஞ்சில் ஆண் எது, பெண் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்து மூன்று நான்கு வாக்கியம் பேச வேண்டும். சந்தைக்கு நடுவில் ஒரு அந்நியப் பெண்ணிடம் அவ்வளவு பேச என்னால் ஆகாது. நான் தலையாட்டினேன். அவர் அண்ணாந்து எங்களுக்கு மேலே இருந்த புங்க மரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு குயில் உட்கார்ந்திருந்தது. "குயிலுலகூட கருப்புதான ஆம்பள. புள்ளி போட்டது பொம்பள" என்று அவரே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்தக் கருப்புக் கோழிதான் இப்போது முட்டை போட்டுவிட்டு என் முன்னால் தலைகீழாகத் தொங்கியது. மற்ற இரண்டும் பெட்டைதானாம். ஆறு மாதம் கொண்டை எழும்பும், கூவும் என்று காத்திருந்திருக்கிறார். தாமதமாக வளரும் ஜாதி போல என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மகத்தன்று சேவலை விட்டுவிட்டுப் படகை இறக்குவதாக நாள் குறித்தாகிவிட்டது. இனி அது நடக்காது. மகன் அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். புதுப் படகு தார்ப்பாய் போர்த்தி மணலில் நின்றது.

என் மனைவி குஞ்சுக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். அவர் வாங்கவில்லை. வேறு யாரிடமாவது சேவலாகவே வாங்கிவிடலாமே என்றாள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கையால் வளர்க்கிறேன் என்றது தான் சொன்ன வார்த்தை, அதில் மாற முடியாது என்றார். பூசாரியைக் கேட்டாராம். கடைசி ஆடி வெள்ளிவரை அம்மன் பொறுப்பாள், அதற்கு மேல் தான் பொறுப்பில்லை என்று பூசாரி சொல்லிவிட்டாராம்.

கோழியை என் மடியில் போட்டார். "நீ தலையாட்டினதாலதான் நான் மூணு உசிர ஆறு மாசம் வளத்தேன். அந்த வெள்ளிக்குள்ள கருஞ்சேவல் ஆவறாப்பல குஞ்சு குடு. குடுக்க முடியலன்னா இந்தச் சந்தையில இனிமே உக்காராத."

முட்டையையும் வைத்துவிட்டுப் போனார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மொபெட்டில் திரும்பும்போது அந்தக் கோழி பின்னால் மனைவி மடியில் வந்தது. வழி முழுக்க அவள் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். படாளம் தாண்டி ஊருக்குள் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏய்யா, நம்ம வூட்ல எப்பனா ஒரு கருப்புச் சேவலு கூவியிருக்குதா?"

நான் வண்டியை நிறுத்தினேன்.

கூவியதே இல்லை. இரண்டு வருஷமாகக் குஞ்சுக்கென்று நாங்கள் விட்டது ஒரே சேவல், நல்ல செவலை. பெட்டைகள் இரண்டு. உடம்பு முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கோடு போட்ட வரிக்கோழிகள். மதுராந்தகம் பக்கம் வீட்டைக் காலி செய்தவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. இந்த மூன்றிலிருந்துதான் எங்கள் குஞ்சு வியாபாரம். விற்காமல் நின்றுபோன குஞ்சுகளை நாங்களே வளர்த்திருக்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வளர்ந்து சேவலானது எல்லாம் கோடு போட்டது. வளர்ந்து முட்டை போட்டது எல்லாம் கருப்பு, கழுத்தில் மட்டும் லேசாகத் தேன் நிறம் தட்டும். உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்தவைதான் பின்னால் கோடு போட்டவை ஆகின. புள்ளியில்லாதவை கருப்பு ஆகின. இதற்கு மாறாக ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஒரு நாள் குஞ்சில் ஆண் பெண் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, என் கோழிகள் இரண்டு வருஷமாக ஒவ்வொரு குஞ்சின் தலையிலும் பொட்டு வைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ரோட்டோரத்தில் நின்று சிரித்தேன். மனைவிக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருத்தி படகு மணலில் நிற்கிறது என்கிறாள், நீ சிரிக்கிறாயா என்றாள்.

ஆனால் மகன் தாயின் உடுப்பையும் மகள் அந்தக் கோடு இல்லாத உடுப்பையும் போட்டுக்கொண்டு வருவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அது புரியாமல் கருஞ்சேவலுக்கு வழியும் தெரியாது. அடுத்த வாரம் ஊரில் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம். ஊசி போட வந்த கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லாதபடி கடைசி ஆளாகப் போய் நின்றேன். அப்படியும் என்னால் கேட்க முடியவில்லை. மனைவிதான் கேட்டாள். அந்தப் பெண் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து கோழிகளைப் பார்த்தார். மிகவும் சந்தோஷப்பட்டார்.

"மனுஷங்கள்ல குழந்தை ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது அப்பாகிட்டேர்ந்து வர்றது. பறவைங்கள்ல அது அம்மாகிட்டேர்ந்து வருதுண்ணா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முடிவு பண்ணும் அதை ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளலாம். சேவலுக்கு அந்தப் பொட்டலம் இரண்டு. பெட்டைக்கு ஒன்று மட்டும். இந்தக் கோடு அந்தப் பொட்டலத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தாய் தன்னிடமுள்ள ஒரே பொட்டலத்தை ஒரு குஞ்சுக்குக் கொடுத்தால் அது ஆணாகிறது, கோடும் கூடவே போய்விடுகிறது. கொடுக்காவிட்டால் அது பெண், அதற்குத் தகப்பனிடமிருந்து வருவது மட்டும்தான். எங்கள் செவலையிடம் கோடு கிடையாது. அதனால் மகள்களுக்குக் கோடு கிடையாது. கருப்பு, சிவப்பு என்பது வேறு சங்கதி. அது ஆண் பெண் பார்க்காது. இரண்டு பக்கமிருந்தும் ஆளுக்குப் பாதி வரும். கருப்பு மேலே நிற்கும், சிவப்பு அடியில் ஒளிந்திருக்கும்.

எல்லாப் பறவையிலும் இப்படியா என்று என் மனைவி கேட்டாள். குயிலில் ஏன் வேறு மாதிரி என்றும் கேட்டாள். கோழியின் கோடும் குயிலின் புள்ளியும் வெவ்வேறு வழியில் வரும், ஆனால் பொதுவாகப் பறவைகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறமாக ஆனதற்குக் காரணம் நீங்கள் தினமும் பார்ப்பதுதான் என்றார் டாக்டர். பெட்டை பளிச்சென்று இருக்கும் ஆணைத் தேடிப் போகும், அடைகாக்கும் பெட்டை பளிச்சென்று இருந்தால் கீரிக்கும் பருந்துக்கும் இரையாகிவிடும், எத்தனையோ தலைமுறை இப்படியே போனதில் அவரவர் உடுப்பு அவரவருக்கு நிலைத்துவிட்டது என்றார்.

அதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் செவலை நான்கு வயல் தாண்டி நின்றாலும் தெரியும். வேலியோரம் வைக்கோலில் அடை உட்கார்ந்த வரிக்கோழியை நானே மிதித்துவிடப் பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு வெள்ளைப் பெட்டை இருந்தது. வரிக்கோழிக்கு ஒரு முழம் தள்ளி அடை உட்கார்ந்தது. கீரி வந்த அன்று வெள்ளையைத்தான் கொண்டுபோனது. அது விதி என்று அப்போது நினைத்தேன்.

அன்று மாலை முறத்தில் காராமணியும் கடலைப் பருப்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காராமணி என்றால் கோடு, கடலைப் பருப்பு என்றால் கோடு இல்லை. சேவலுக்கு இரண்டு பருப்பு, பெட்டைக்கு ஒன்று. என் வீட்டு வரிச்சேவல்கள் தாயிடமிருந்து ஒரு காராமணி வாங்கியவை. ஆனால் தகப்பன் செவலை கொடுத்த கடலைப் பருப்பு ஒன்றும் உள்ளே இருக்கிறது. வெளியே தெரியாது. அந்த வரிச்சேவலை அதன் கருப்புத் தங்கையோடு சேர்த்தால், சில மகன்களுக்குத் தகப்பனிடமிருந்தும் கடலைப் பருப்பு, தாயிடமிருந்தும் கடலைப் பருப்பு போய்ச் சேரும். அவற்றுக்குக் கோடு இருக்காது. சேவலாகவும் இருக்கும். அவற்றில் சிலதுக்கு இரண்டு பக்கமிருந்தும் கருப்பே வந்து விழும். ஒளிந்திருக்கும் சிவப்பு போய்விடும்.

பருப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குகூட எனக்கு முதல் தடவையில் சரியாக வந்ததில்லை.

மனைவி நம்பவில்லை. கோடு போட்ட சேவலை விட்டால் கோடு போட்ட குஞ்சுதான் வரும், இதற்குப் பருப்பு வேறு வீணா என்றாள். நான் அவளிடம் முறத்தைக் காட்டி முழுதாக விளக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். அன்றைக்குச் சொன்னது வேறு. "சரி, நீ சொல்ற மாதிரியே செய்யி. வரலன்னா அந்தப் பொம்பளையாண்ட நீதான் பேசணும்."

செவலையை மச்சான் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வரிக்கோழிகளை ஒரு பக்கம் அடைத்தோம். கருப்புப் பெட்டைகள் எங்களிடம் இரண்டு இருந்தன. அந்த அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனது மூன்றாவது. மூன்றையும் ஒரு வரிச்சேவலோடு தனியாக விட்டோம். முதல் பதினைந்து நாள் முட்டையை அடை வைக்கக் கூடாது, பழைய சேவலின் வித்து அதில் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடி வெள்ளிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பதினைந்து நாளும் முட்டைக் குழம்புதான். பதினாறாம் நாளிலிருந்து முட்டை சேர்த்தோம். மாசிக் கடைசியில் வரிக்கோழிகள் இரண்டையும் அடை வைத்தோம். மாசி மகம் வந்து போனது. படகு மணலில்தான் நின்றது.

பங்குனி மூன்றாம் வாரம் குஞ்சு பொரித்தது. இருபத்தொரு குஞ்சு. இதுவரை எங்கள் வீட்டில் பார்க்காத கலவை. புள்ளி வைத்த கருப்பு, சிவப்பு, மண் நிறம், சிவப்பிலேயே மங்கலாகக் கோடு. பருப்பில் பார்த்ததெல்லாம் கூடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளியில்லாத சுத்தக் கருப்பு எட்டு. இந்தத் தடவை புள்ளியை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது என்றும் பருப்பு சொல்லியிருந்தது. எட்டில் எது சேவல், அதில் எது கடைசிவரை கருப்பாகவே நிற்கும் என்பதெல்லாம் வளர்ந்தால்தான் தெரியும். வளர்க்க வேண்டியதோ அந்த அம்மா.

எட்டையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனோம். தகவல் சொல்லியிருந்ததால் அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கூடையைத் திறந்து பார்த்தார். மனைவி வேண்டுமென்றே வெற்றிலைக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"சேவலா?" என்று கேட்டார்.

என் தலை தன்னால் ஆடப் பார்த்தது. கூடையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாதும்மா" என்றேன். என் காதுக்கே சத்தமாகக் கேட்டது. "எட்டுல பாதி பெட்டையா போவும். சேவல்லயும் சிலதுக்குக் கழுத்துல செவப்பு வரும். ஒண்ணாவது சுத்தமா நிக்கும்னு என் கணக்கு. அதுக்குத்தான் எட்டும் குடுக்கறேன்."

வெற்றிலைக்காரர் வெட்டிக்கொண்டிருந்த பாக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார். போன தடவை தெரியும் என்றாய், இந்தத் தடவை தெரியாது என்கிறாய், இந்தத் தடவைதான் உன் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாராவாரம் சந்தையில் செய்தி வந்தது. முதல் வாரமே ஒன்றைக் காக்கை தூக்கிவிட்டது. இன்னொன்று பூனைக்குப் போனது. ஆறு நின்றது. வைகாசியில் கொண்டை வைக்கத் தொடங்கியதும் மூன்று பெட்டை என்று தெரிந்துவிட்டது. மூன்று சேவல் நின்றது.  ஆனி பிறந்ததும் ஒன்றின் கழுத்தில் செம்பு நிறம் தட்டியது. இரண்டு வாரத்தில் இன்னொன்றின் முதுகில் நான்கு சிவப்பு இறகு முளைத்தது. அவற்றைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அம்மனுக்குக் கண் இல்லையா என்று அந்த அம்மா கேட்டுவிட்டாராம்.

கடைசியில் ஒன்றே ஒன்று. அலகு, கால், இறகு எல்லாம் கருப்பு. கொண்டை மட்டும் ரத்தச் சிவப்பு. வெயிலில் நின்றால் வால் பச்சையாக மின்னுகிறது என்றார். அவர் சொல்லும்போது முகத்தில் பெருமை வந்துவிட்டது. ஆனால் ஒரு குறை இருந்தது. அது கூவவில்லை. ஆடி பிறந்தும் கூவவில்லை. அதன் அண்ணன் தம்பி இரண்டும் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தன. இது ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்ததாம்.

"வளத்தது அவங்கன்னாலும் கணக்கு போட்டது நீதான. உன்ன மாதிரியே வந்துகீது" என்றாள் மனைவி. வெற்றிலைக்காரர் அதைச் சந்தை முழுக்கப் பரப்பினார்.

கடைசி ஆடி வெள்ளியன்று எங்களையும் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார். கல்பாக்கத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணலில் ஒரு சின்னக் கோயில். சுற்றிலும் வேப்ப மரம். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது முப்பது குடும்பம் இருக்கும். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டேன். படகு அங்கிருந்தே தெரிந்தது. தார்ப்பாயை எடுத்து, மூக்கில் மஞ்சள் பூசி, மாலை போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் மகன் படகைத் தொட்டுக்கொண்டே நின்றான்.

பூசாரி சேவலை வாங்கி இறக்கையை விரித்துப் பார்த்தார். கழுத்து இறகை ஊதிப் பார்த்தார். வாலைப் பிரித்துப் பார்த்தார். வேறு நிறம் ஒன்றும் கிடைக்கவில்லை. "கூவுதா?" என்றார். அந்த அம்மா உண்மையைச் சொன்னார். பூசாரி சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போன தபா பெட்டையக் காட்டி சேவல்னீங்க. கூவட்டும். கூவிச்சின்னா விடலாம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். சேவலைக் கீழே விட்டார்கள். அது மணலைக் கிளறியது. யாரோ கை தட்டினார்கள். யாரோ பம்பை அடிக்கச் சொன்னார்கள். பம்பைச் சத்தத்துக்கு அது அந்த அம்மாவின் காலடியில் ஒடுங்கிக்கொண்டது. உச்சி வெயில் ஏறியது. இன்றைக்குத் தவறிவிட்டால் அம்மன் பொறுக்க மாட்டாள் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அந்த அம்மா என்னைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார். திட்டுவதற்காக அல்ல என்று அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது என் மனைவி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு கூவுனா எங்க செவலை பதில் கூவும்."

அது உண்மை. வயலில் யாரும் இல்லாதபோது நான் கூவுவேன். செவலை எங்கே மேய்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. சேவல் இன்னொரு சேவல் கூவினால் சும்மா இருக்காது. இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். இப்போது கூழ்ப் பாத்திரத்தோடு நின்ற அத்தனை பேரும் திரும்பி மரத்துக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்தக் கருஞ்சேவலைப் பார்த்தேன். முறத்தில் நான் பருப்பாக வைத்துப் பார்த்த பறவை அது. அதன் தாய் முட்டை போட்டு மாட்டிக்கொண்ட அதே கோழியாகவும் இருக்கலாம். அதன் தகப்பனுக்கு உடம்பெல்லாம் கோடு. அதன் தாத்தா செவலை. இத்தனை நிறத்துக்கும் நடுவில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது, வரும் என்று நான் சொன்னேன், வந்து நிற்கிறது. மரத்தை விட்டு வெளியே வந்தேன். சேவலிடமிருந்து நான்கு அடி தள்ளி மணலில் குந்தினேன். கையை வாயில் குவித்தேன்.

கூவினேன்.

முதலில் குரல் உடைந்துவிட்டது. சிறுசுகள் சிரித்தன. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து கூவினேன். சவுக்குத் தோப்புவரை கேட்டிருக்கும். சேவல் தலையைத் தூக்கியது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. மூன்றாம் தடவை நான் முடிப்பதற்குள் அது இரண்டு கால்களையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்து, கரகரவென்று ஒரு கூவல் கூவியது. பாதியில் தடுக்கி நின்றது. உடனே மறுபடி முழுதாகக் கூவியது. எனக்கு எதிராகக் கூவுகிறது, இந்த இடத்தில் நான்தான் என்கிறது.

கோயிலடியில் குலவைச் சத்தம் கிளம்பியது. பூசாரி சிரித்துவிட்டார். சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்ப மரத்தடியில் விட்டார். அது போய் ஏற்கெனவே அங்கே மேய்ந்துகொண்டிருந்த நேர்ச்சைக் கோழிகளுக்கு நடுவில் நின்று மூன்றாம் தடவை கூவியது. அதில் இரண்டு பெட்டை மேய்ச்சலை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தன. டாக்டர் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்த அம்மா என் முன்னால் வந்து நின்றார். மகனைக் கூப்பிட்டார். "அண்ணாத்தயும் ஒரு கை வைக்கட்டும்டா."

படகை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளுவதற்கு இருபது பேர் சேர்ந்தார்கள். எனக்குப் பின்பக்கம் ஓரமாக ஒரு இடம் கொடுத்தார்கள். முன்னால் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஐலசா சொல்லித் தள்ள வேண்டும். முதல் ஐலசாவில் படகு அசையவில்லை. இரண்டாவதில் ஒரு சாண் நகர்ந்தது. மூன்றாவதில் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தம் என் வாயிலிருந்துதான் அவ்வளவு பெரிதாக வந்துகொண்டிருந்தது. செருப்பு ஒன்று மணலில் நின்றுவிட்டது. வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது. படகின் மூக்கு ஒரு அலையில் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு தள்ள எடையே இல்லை.

மகன் ஏறி இஞ்சினை இழுத்தான். அது பிடித்த சத்தத்துக்குக் கரையில் வேப்ப மரத்தடியிலிருந்து பதில் வந்தது, கரகரவென்று, நீளமாக.